மிதித்துப் பிடித்தால் மெல்ல இறங்கும் பிரேக் பெடல் – 1992 ஜீப்பு, பர்கூர் மலைப் பாதை

அந்தியூர் ஜீப்பு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

என்னிடம் 1992 மாடல் டீசல் ஜீப்பு ஒன்று இருக்கிறது. நாலு சக்கரமும் டிரம் பிரேக். பூஸ்டர் கிடையாது, கால் பலம்தான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை கொண்டது. முன் சக்கரங்களுக்கு ஒரு லைன், பின் சக்கரங்களுக்கு ஒரு லைன். ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கிறது. 2019-ல் வாங்கினேன். அதற்கு முன் யார் யார் கையில் என்னென்ன பார்த்தது என்று எனக்குத் தெரியாது.

வாரத்தில் இரண்டு நாள் அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குப் போய் வருவேன். ஏறும்போது தவிட்டு மூட்டை, மாட்டுத் தீவனம். இறங்கும்போது ராகி, கொள்ளு, சீசனில் புளி. வரட்டுப்பள்ளம் அணையைத் தாண்டினால் ஏற்றம் ஆரம்பித்துவிடும். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வளைவு திரும்பியதும் நடு ரோட்டில் மாடு நிற்கும், பொழுது சாய்ந்துவிட்டால் யானையும் நிற்கும். பிரேக் மேல் சந்தேகத்தோடு அங்கே போகக் கூடாது.

விஷயம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் பெடல் கொஞ்சம் தாழ்வாகப் பிடிக்க ஆரம்பித்தது. முதல் மிதியில் பாதிக்கு மேல் உள்ளே போகும். காலை எடுத்து உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கும். பட்டறைக்குக் கொண்டு போனேன். பிரேக் ஆயிலில் ஏர், அதாவது காற்று, புகுந்திருக்கிறது என்றார்கள். ஒரு பையன் ஏறி உட்கார்ந்து பெடலைத் தரையில் இடிக்கும் வரைக்கும் தொம் தொம் என்று மிதிக்க, இன்னொருவர் ஒவ்வொரு சக்கரமாக நிப்பிளைத் திறந்து ஏர் எடுத்தார். கொஞ்சம் தேவலை போலத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் புதுக் கோளாறு. பவானியில் அந்தியூர் பிரிவில் நெரிசல். எனக்கு முன்னால் ஆப்பக்கூடல் மில்லுக்குப் போகும் கரும்பு டிராக்டர், கரும்பு பின்னால் இரண்டு முழம் நீட்டிக்கொண்டு இருந்தது. பெடலில் லேசாகக் கால் வைத்து நின்றேன். காலுக்கடியில் பெடல் கீழே போகிறது. தண்ணி பாய்ச்சின வயலில் நின்றால் கால் புதையும் பாருங்கள், அதே மாதிரி, மெதுவாக, நிற்காமல். வண்டி நகர்ந்து கரும்பு நுனி என் பானெட் மேல் வந்துவிட்டது. பதறிப்போய் ஓங்கி மிதித்தேன், கெட்டியாக நின்றது. திரும்பவும் லேசாகப் பிடித்தேன், திரும்பவும் இறங்கியது.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்ததில் தெரிந்தவை:

ஓங்கி மிதித்தால் இறங்குவதில்லை. லேசாக மிதித்துப் பிடித்தால் மட்டும் இறங்குகிறது. தரையைத் தொடுவதில்லை, இரண்டு விரல் கட்டை மிச்சம் இருக்கும்போது நின்றுவிடுகிறது. ஆயில் டப்பாவில் மட்டத்துக்கு டேப் ஒட்டி வைத்தேன், ஆறு நாளில் மயிரிழைகூடக் குறையவில்லை. வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை.

மறுபடி அதே பட்டறை, மறுபடி ஏர் எடுத்தார்கள். இப்போது இன்னும் சீக்கிரமாக இறங்குகிறது. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், இரண்டு தடவை மிதித்து ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆயில் வெளியே போகவில்லை என்றால் பெடல் எங்கே போகிறது? வெள்ளிக்கிழமை மேலே தீவனம் ஏற்ற வேண்டியிருக்கிறது. போகலாமா?

சங்ககிரி லாரி

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில். போக வேண்டாமுங்க. மூட்டையை வாடகை வண்டியில் ஏற்றி விடுங்க. நான் 31 வருஷம் லாரி ஓட்டினவன். கொல்லிமலை 70 கொண்டை ஊசியும் திம்பம் 27-ம் ராத்திரி பகல் பார்க்காமல் இறங்கியிருக்கிறேன். பெடல் தானாக இறங்குகிறது என்று தெரிந்த பிறகு வண்டியை எடுப்பதை மட்டும் நான் செய்ததில்லை.

பெடலில் மூன்று விதக் கோளாறு உண்டு. மூன்றையும் எல்லோரும் 'பிரேக் சரியில்லை' என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறார்கள். பட்டறையிலும் மூன்றுக்கும் ஒரே வைத்தியம், ஏர் எடுப்பது. அங்கேதான் தப்பு நடக்கிறது.

ஒன்று, பஞ்சு மாதிரி மெத்தென்று இருப்பது. மிதிக்க மிதிக்க அமுங்கும், விட்டால் எழும்பும். இதுதான் ஏர். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது உப்பினாலும் இப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது, தாழ்வாகப் பிடிப்பது. ஆழத்தில் பிடிக்கும், ஆனால் பிடித்த இடத்தில் கல் மாதிரி நிற்கும். இரண்டாவது மிதியில் மேலே வந்துவிடும். இது பெரும்பாலும் பிரேக் ஷூ மேல் இருக்கும் லைனருக்கும் சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமானதால் வருவது. முதல் மிதியின் ஆயில் ஷூவை நகர்த்தவே செலவாகிவிடும். ஷூ பின்வாங்குவதற்குள் இரண்டாவது மிதி விழுந்தால் நேராகப் பிடித்துவிடும். நாலும் டிரம் என்கிறீர்கள், அட்ஜஸ்ட் செய்து எவ்வளவு நாள் ஆச்சு? உங்களுடைய முதல் கோளாறு, அந்த இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்தது, இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் ஏரே இருந்திருக்காது.

மூன்றாவது, பிடித்த பிறகு இறங்குவது. இது ஏர் கிடையாது. நூறு தடவை ஏர் எடுத்தாலும் போகாது. அழுத்தம் எங்கேயோ ஒழுகுகிறது. வெளியே ஒழுகினால் டப்பாவில் மட்டம் குறையும். உங்களுக்குக் குறையவில்லை. அப்படியென்றால் உள்ளேயே ஒழுகுகிறது: மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முகத்தில் இருக்கும் ரப்பர் கப் உதடு தேய்ந்தோ கிழிந்தோ, ஆயில் அதன் ஓரமாகப் பின்னால் நழுவி, திரும்ப டப்பாவுக்கே போய்விடுகிறது. 'பெடல் எங்கே போகிறது' என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான்.

ஓங்கி மிதித்தால் ஏன் நிற்கிறது? அந்தக் கப்புக்கு ஒரு குணம் உண்டு. அழுத்தம் கூடக் கூட உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். லேசான அழுத்தத்தில்தான் கிழிசல் வாயைத் திறக்கும். அதனால்தான் பட்டறையில் ஓங்கி மிதித்துப் பார்த்து 'நல்லாத்தானே இருக்குது' என்று அனுப்பிவிடுகிறார்கள். சோதிக்கும்போது சாலையில் நிற்கிற மாதிரி லேசாக, ஒரு நிமிஷம் விடாமல் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு விரல் கட்டை மிச்சத்தைக் கவனித்தீர்களே, சந்தோஷம். இரட்டை அறை சிலிண்டரில் ஒரு அறை ஒழுகினால், அதன் பிஸ்டன் போய் அடுத்த பிஸ்டனை முட்டி, மற்ற அறை மட்டும் வேலை செய்யும். நீங்கள் இப்போது நிற்பது அந்த இரண்டு விரலில். அதாவது அந்த நேரத்தில் முன் இரண்டு சக்கரம் மட்டுமோ பின் இரண்டு மட்டுமோதான் பிடிக்கிறது.

உறுதி செய்ய ஒரு வழி. டப்பா மூடியைத் திறந்துவிட்டு, வீட்டில் யாரையாவது லேசாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்க. தொட்டவுடனே ஒரு சின்னப் பீய்ச்சல் வரும், அது இயல்பு; முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்க, கண்ணில் பட்டால் எரியும். அதற்குப் பிறகும் பெடல் இறங்க இறங்க ஆயில் சுழித்துக்கொண்டே இருந்தால் கப் போச்சு என்று அர்த்தம்.

ஈரோடு சந்தை

எனக்கும் பழைய வேனில் இப்படி இருந்தது. டாட் 5 ஆயில் கெட்டியாக இருக்கும், அதை ஊற்றினால் ஒழுக்கு நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார். முயற்சி செய்து பார்க்கலாமே?

சங்ககிரி லாரி

வேண்டாமுங்க. டாட் 5 என்பது சிலிகான். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் வகை. இரண்டு வகையும் ஒன்றோடொன்று சேராது. பழையதைக் கழுவாமல் ஊற்றினால் லைனுக்குள் திட்டுத் திட்டாக நிற்கும், மிதி இன்னும் மெத்தென்று ஆகும். கிழிந்த ரப்பரை எந்த ஆயிலும் தைக்காது.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். என்ஜின் ஆயில், ஸ்டியரிங் ஆயில் எதுவும் ஒரு சொட்டுகூட அந்த டப்பாவில் விழக் கூடாது. ரப்பர் கப்பெல்லாம் ஊறி இட்லி மாதிரி உப்பிவிடும். அப்புறம் ஒரு கப்போடு போகாது. சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் நாலு வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கப்பைக் கழுவுவதற்குப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் தொடக் கூடாது. பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும்.

கணபதி லேத்து

கோயம்புத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வண்டிகளின் சிலிண்டருக்குள் ஸ்லீவ், அதாவது புது உள்குழாய், போடுவது வாராவாரம் வரும் வேலை. சங்ககிரி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஏர் எடுத்த பிறகுதான் இறங்க ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்க, காரணம் அதற்குள்ளேயே இருக்குதுங்க.

மாஸ்டர் சிலிண்டரை அறுத்துப் பார்த்தால் தெரியும். தினசரி மிதியில் பிஸ்டன் நகர்வது போரின், அதாவது சிலிண்டர் உள்துளையின், முன்பாதியில் மட்டும். அந்த இடம் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைத் தாண்டி உள்ளே, கப் போகாத இடத்தில், வருஷக்கணக்கான கசடு படிந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் இரும்புச் சுவரில் துருப் புள்ளி வைக்கும். பெரும்பாலும் கீழ்ப்பக்கத்தில், குண்டூசித் தலை அளவு குழிகள்.

இப்போது ஒருவர் பெடலைத் தரையில் இடிக்கும் வரைக்கும் மிதித்தால் என்ன ஆகும்? இருபது வருஷமாக அங்கே போகாத கப் முதல் தடவையாக அந்தத் துருவின் மேல் ஏறி இறங்கும். தேங்காய்த் துருவி மேல் விரலை ஓட்டின மாதிரி. உதடு கிழிந்துவிடும். இரண்டாவது தடவை ஏர் எடுத்தபோது இன்னும் சீக்கிரமாக இறங்குகிறது என்றீர்களே, கிழிசல் பெரிதாகியிருக்கும். அந்தப் பையனைக் குறை சொல்லி எழுதவில்லை. புது வண்டியில் அப்படி மிதித்தால் ஒன்றும் ஆகாது. எல்லோருக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள். பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டு, அது தாண்டி இறங்காமல் ஏர் எடுக்க வேண்டும்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொள்ள, சிலிண்டரிலிருந்து போகும் இரண்டு பைப்பையும் கழற்றிவிட்டு, அந்த வாய்களில் பொருத்தமான மரை போட்ட அடைப்பு பிளக் முடுக்கி, உள்ளே இருக்கும் காற்றை விட்டுவிட்டு மிதித்துப் பாருங்க. இப்போது பிரேக் லைன், சக்கரம், ஹோஸ் எதுவுமே கணக்கில் இல்லை, சிலிண்டர் தனி. பெடல் கல்லாக நின்றால் சிலிண்டர் நல்லது, ஒழுக்கு வேறெங்கோ. அப்போதும் இறங்கினால் சிலிண்டர்தான், வேறு பேச்சே இல்லை. மரை அளவு எடுத்து வந்தால் எந்த லேத்திலும் பிளக் செய்து கொடுப்பார்கள்.

கிட், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் சாமான்களை மட்டும் புதிதாகப் போடுவதா, முழு சிலிண்டர் மாற்றுவதா என்றால், கழற்றி, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க. நகத்தை உள்ளே ஓட்டுங்க. நகம் எங்கேயும் தட்டவில்லை என்றால் கிட் போதும். லேசான கறை என்றால் மெல்லிய ஹோன் கொடுத்து, அதாவது உள்சுவரை லேசாகத் தேய்த்துவிட்டு, கிட் போடலாம். ஆனால் அலுமினிய உடம்பு என்றால் ஹோன் கொடுக்கக் கூடாது, அதன் மேற்பூச்சு போய்விடும். நகம் குழியில் சிக்கினால் கிட் வாங்கும் காசு வீண். இரண்டு மாதத்தில் அதையும் தின்றுவிடும்.

ஆனைமலை டீச்சர்

இவருடைய கோளாறு இல்லை என்றாலும், மலைப் பாதை என்று படித்ததும் எழுதத் தோன்றியது. தோட்டத்துக்கும் வால்பாறைப் பள்ளிக்கூடத்துக்கும் பழைய காரில் போய் வந்தவள் நான். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பூஸ்டர் உண்டு.

ஒரு நாள் வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கினேன். 40 வளைவு. அவசரத்தில் மூன்றாவது கியரிலேயே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தேன். லோம்ஸ் வியூ காட்சிமுனை இருக்கும் ஒன்பதாவது வளைவை நெருங்கும்போது பெடல் சும்மா உள்ளே போனது. பாதி உயிர் போய்விட்டது. இரண்டாவது கியர், முதல் கியர் என்று இறக்கி, மலைப்பக்கம் ஒட்டி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்து மிதித்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கெட்டியாக இருந்தது! ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆயில் கொதித்திருக்கிறது. புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரைக்கும் தாங்க வேண்டும் என்பது தரம். 3.7 சதவீதம் ஈரம் ஏறிவிட்டால் அதுவே 140 டிகிரி தாங்கினால் போதும் என்கிறார்கள். டாட் 4 என்றால் 230-ம் 155-ம். என் வண்டியில் ஐந்து வருஷ ஆயில். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், ஆறினால் மறுபடி ஆயில்.

அதனால் தம்பி, சிலிண்டர் எதுவானாலும் ஆயில் முழுவதையும் மாற்றிவிடுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

பூஸ்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். என்ஜின் அணைத்த நிலையில் நாலைந்து முறை மிதித்து, மிதித்த காலோடு ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கி நிற்கும். அது பூஸ்டர் நன்றாக இருப்பதற்கு அடையாளம், கோளாறு இல்லை. இறங்கி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால்தான் இந்த அண்ணன்கள் சொல்வது. பூஸ்டர் வண்டியில் பின்பக்கக் கப் ஒழுகினால் ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும். வெளியே எங்கேயும் ஈரம் தெரியாது, டப்பா மட்டும் குறையும்.

அந்தியூர் ஜீப்பு

அண்ணன்மாருக்கும் டீச்சருக்கும் ரொம்ப நன்றிங்க. வெள்ளிக்கிழமை மேலே போகவில்லை. தீவனத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் டெம்போவில் அனுப்பிவிட்டேன்.

முதலில் டப்பா சோதனை. என் சம்சாரம் மிதிக்க, நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். தொட்டதும் ஒரு துளி துள்ளியது. அப்புறம் அமைதி. பெடல் இறங்க ஆரம்பித்ததும் பின் அறையின் அடியிலிருந்து ஆயில் கொப்புளித்து மேலே வந்தது. ஊற்று ஊறுகிற மாதிரி, மணலைத் தள்ளிக்கொண்டு வருமே, அப்படி. கசடும் கூடவே எழும்பியது. ஆயில் நிறம் கருப்பட்டிக் காப்பி. ஆறு வருஷமாக மூடியைத் திறந்து மட்டம் மட்டும் பார்த்திருக்கிறேன், நிறத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அடுத்து பிளக். அந்தியூரில் லேத்தில் இரண்டு செய்து வாங்கி, அடைத்து, காற்றை விட்டு மிதித்தேன். முதலில் கல் மாதிரி இருந்தது. லேசாகப் பிடித்தேன். பத்துப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் இறங்கிவிட்டது. சக்கரங்களோடு சிலிண்டருக்குத் தொடர்பே இல்லாதபோதும் இறங்குகிறது. இதற்கு மேல் யாரிடமும் கேட்க ஒன்றுமில்லை.

சக்கரங்களையும் விடவில்லை. நாலு டிரம்மையும் கழற்றினேன். பின் இடது வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை ஸ்குரூ டிரைவர் முனையால் மெல்லத் தூக்கினேன். உள்ளே ஈரம், வெளியே வரவில்லை. லைனர் நனையவில்லை. மற்ற மூன்றும் காய்ந்திருக்கிறது. சங்ககிரி அண்ணா, நீங்கள் சொன்ன இடைவெளியும் நிஜம். பின் சக்கரம் இரண்டிலும் அட்ஜஸ்டர் துருவேறி அசையவே இல்லை. என் கைக்கு வந்த பிறகு யாரும் தொட்டதில்லை.

இந்த ஈரத்துக்கு என்ன செய்வது? துடைத்துவிட்டு ஓட்டலாமா?

சங்ககிரி லாரி

துடைத்துவிட்டு ஓட்டாதீங்க. தூசி ரப்பருக்குள் ஈரம் என்றால் கப் ஒழுக ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு ஈரம், அடுத்த மாதம் லைனரில் ஆயில். பிரேக் ஆயில் குடித்த லைனரைக் கழுவினாலும் நம்ப முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். பின்னால் இரண்டு பக்கமும் வீல் சிலிண்டர் புதிது போடுங்க. ஒரு பக்கம் மட்டும் போட வேண்டாம்.

அட்ஜஸ்டரைக் கழற்றி, கம்பி பிரஷ் போட்டு, மரையில் பிரேக்குக்கான கிரீஸ் ஒரு தொடு. பிறகு சக்கரம் பூட்டும் வரைக்கும் முடுக்கி, கையால் சுற்றினால் லேசான உரசல் சத்தம் மட்டும் கேட்கிற அளவுக்குத் தளர்த்துங்க. இதை ஏர் எடுப்பதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். அட்ஜஸ்ட் செய்யாத பிரேக்கில் ஏர் எடுத்தால், எடுத்து முடித்த பிறகும் தாழ்வாகத்தான் இருக்கும். திரும்பவும் ஏர் என்று நினைப்பீங்க.

புது மாஸ்டர் சிலிண்டரை நேராக வண்டியில் மாட்டாதீங்க. வைஸில் பிடித்து, இரண்டு வாயிலும் சின்னக் குழாய் மாட்டி, அதன் நுனியை அந்த டப்பாவிலேயே ஆயிலுக்குள் முக்கி வைத்து, பிஸ்டனைக் கம்பியால் மெதுவாகத் தள்ளி விடுங்க. குமிழி நிற்கும் வரைக்கும். அப்புறம் மாட்டினால் பாதி வேலை முடிந்தது.

ஏர் எடுக்கும் வரிசை: சிலிண்டருக்குத் தூரமாக இருப்பது முதலில். ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது.

மாட்டின பிறகு பெடலில் விளையாட்டு இருக்கிறதா பாருங்க. ஜீப்பில் அரை அங்குலம் அளவுக்குச் சும்மா ஆட வேண்டும். பெடலிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடு முட்டிக்கொண்டு நின்றால், ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்ன ஓட்டை மூடியே இருக்கும். ஓட ஓட பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், டிரம் சூடேறும்.

அந்தியூர் ஜீப்பு

வேலை முடிந்தது. விவரமாக எழுதிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு ஆகும்.

பழைய மாஸ்டர் சிலிண்டரை வாசல் திண்ணையில் வெள்ளை வேட்டித் துணி விரித்துப் பிரித்தேன். சர்க்லிப்பை எடுத்ததும் முதல் பிஸ்டன் ஸ்பிரிங்கோடு வெளியே வந்தது. அதன் முன் கப்பைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். உதட்டில் கீழ்ப்பக்கம் மூன்று கீறல். இரண்டு மேலோட்டமாக இருந்தது. ஒன்று உதட்டையே அரிசி நீளத்துக்குப் பிளந்திருந்தது. விரலால் மடக்கினால் வாய் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. ஓங்கி மிதித்தால் நிற்பதும், லேசாக மிதித்தால் இறங்குவதும் அந்த ஒரு அரிசிக்குள் இருந்திருக்கிறது. என் பொண்ணு எட்டாவது படிக்கிறாள், அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதாலயா நாம் டிராக்டரில் இடிக்கப் பார்த்தோம் என்று கேட்டாள்.

போருக்குள் டார்ச் அடித்தேன். கணபதி அண்ணன் சொன்ன மாதிரியே முன்பாதி பளபளப்பு. அதைத் தாண்டி ஒரு கோடு கிழித்த மாதிரி நிறம் மாறி, கீழ்ப்பக்கம் புள்ளி புள்ளியாகத் துரு. சுண்டுவிரல் நகத்தை ஓட்டினேன், இரண்டு இடத்தில் சிக்கியது. அப்போதே கிட் நினைப்பை விட்டுவிட்டேன்.

ஈரோட்டில் புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கினேன். கடையில் பாதி விலைக்கு இன்னொன்றும் காட்டினார்கள். பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ரப்பர் எத்தனை வருஷம் கடையில் காய்ந்ததோ தெரியாது. பிரேக்கில் அந்தக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பின் வீல் சிலிண்டர் இரண்டு, டாட் 3 ஆயில் அரை லிட்டர் டப்பா மூன்று. ஒரு லிட்டர் டப்பா வாங்கவில்லை. திறந்து வைத்த ஆயில் காற்றிலேயே ஈரம் குடித்துவிடும் என்பதால், சின்ன டப்பாவாகத் திறந்து திறந்து ஊற்றினேன்.

வரிசை அண்ணன் சொன்னபடி. முதலில் அட்ஜஸ்டர், இடது பக்கத்தைக் கழற்ற ஒரு காலைப் பொழுது முழுக்கப் போனது. பிறகு வைஸில் சிலிண்டருக்குக் காற்று நீக்கம். மாட்டின பிறகு பெடலுக்கு அடியில் வேப்பங்கட்டை ஒன்றை அறுத்து வைத்தேன். சம்சாரம் மெதுவாக மிதித்துப் பிடிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூடினேன். நான் 'புடி' என்றால் பிடிக்க வேண்டும், 'உடு' என்றால் விட வேண்டும். நிப்பிள் மூடாமல் 'உடு' சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின் இடதில் முதலில் கருப்பட்டிக் காப்பி வந்தது, அப்புறம் டீ, அப்புறம் கடலை எண்ணெய், கடைசியில் புது ஆயில் நிறத்திலேயே வந்தது. நாலு சக்கரத்திலும் அந்த நிறம் வரும் வரைக்கும் விட்டேன். மட்கார்டில் கொஞ்சம் சிந்தியது. பெயிண்டைத் தின்றுவிடும் என்பதால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

பெடல் இப்போது மேலேயே பிடிக்கிறது, முதல் மிதியிலேயே. முதல் நாள் தோட்டத்துக்குள்ளேயே சுற்றினேன். இரண்டாம் நாள் வெறும் வண்டியோடு அணை வரைக்கும் போய் வந்து, ஒவ்வொரு டிரம்மாகக் கை வைத்துப் பார்த்தேன். நாலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு, எதுவும் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. நேற்று பத்து மூட்டைத் தவிட்டோடு மலை ஏறி, ராகியோடு இரண்டாவது கியரில் இறங்கினேன். அடிவாரம் வந்ததும் ஓரமாக நிறுத்தி, லேசாகக் கால் வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷம் பிடித்தேன். பெடல் வைத்த இடத்திலேயே நின்றது.

முன் ஹோஸ் இரண்டிலும் மேல் ரப்பர் வெடிப்பு விட்டிருக்கிறது. அடுத்த வாரம் அதையும் மாற்றிவிடுகிறேன்.

கணபதி அண்ணா, பழைய சிலிண்டரைத் தூக்கிப் போடவில்லை. உடம்பு வார்ப்பிரும்பு, வெளியே வெடிப்பு எதுவும் தெரியவில்லை. வியாழக்கிழமை கோயம்புத்தூர் வருகிறேன், கொண்டு வரட்டுங்களா? ஸ்லீவ் போட்டுக் கொடுத்தால் ஸ்பேராக வைத்துக்கொள்வேன்.

கணபதி லேத்து

கொண்டு வாங்க. பிஸ்டன், ஸ்பிரிங், அந்தக் கிழிந்த கப் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒரே பையில் போட்டுக் கொண்டு வாங்க. ஸ்லீவ் இறக்கின பிறகு ஆயில் திரும்பும் ஓட்டையைப் புதிதாகப் போட வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓட்டை அது. உள்பக்க விளிம்பில் துளி பிசிர் நின்றாலும் புதுக் கப்பை அறுத்துவிடும். அதை மட்டும் பையன்களிடம் விடாமல் நானே உட்கார்ந்து செய்வேன், அதனால் மதியத்துக்கு மேல் வந்தால் சௌகரியம். கிழிந்த கப்பை எனக்குக் கொடுத்துவிடுங்க, வேலை கற்றுக்கொள்ளும் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.